படகில் போகும் மீன்கள்!

மீனுக்கு நீந்தத் தெரியும். அதைப் படகில் ஏற்றிக்கொண்டு போவார்களா?

போகிறார்கள்! அமெரிக்காவில் போகிறார்கள்.

அந்த நாட்டின் வடமேற்கே கொலம்பியா என்று ஒரு பெரிய ஆறு. 'ஸ்நேக்' என்ற ஆறு (பாம்பு ஆறு என்று அர்த்தம்) அதில் வந்து கலக்கிறது. அங்கே சால்மன் என்ற மீன் உண்டு. அது பிறப்பது மலை ஓடையில்; வளர்வது கடலில். பெரிதானதும், முட்டையிடுவதற்குப் பிறந்த இடத்துக்கே திரும்பி வரும்.

கடலுக்குப் புறப்படும்போது குஞ்சு ஒரு விரல் நீளந்தான் இருக்கும். வெள்ளம் இழுத்த பக்கம் போகும். அந்த வழியில் இப்போது 8 அணைகள்! அணைக்குப் பின்னால் தண்ணீர் குளம்போல் தேங்கி நிற்கிறது. இழுப்பு இல்லை. குஞ்சு தாமதப்படுகிறது. பெரிய மீன் விழுங்குகிறது; பறவை கொத்துகிறது. தப்பினால், மின்சார எந்திரத்தின் சக்கரம் காத்திருக்கிறது.

அணைகளைக் கட்டியது அமெரிக்க ராணுவத்தின் என்ஜினீயர் படை. மீன் சுமக்கும் வேலையும் அவர்கள் தலையிலேயே விழுந்தது!

எந்திரத்தின் வாயில் சல்லடை வைத்துக் குஞ்சுகளைத் தடுத்து, கால்வாய் வழியாகத் தொட்டிக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கிருந்து படகு. குஞ்சுகள் குறைவாக வரும் நாட்களில் லாரி. படகுப் பயணம் 1977-ல் தொடங்கியது. மேல் அணையிலிருந்து சுமார் 285 மைல்; ஏறக்குறைய 2 நாள். கடைசி அணையான பான்வில்லைத் தாண்டியதும் ஆற்றில் விட்டுவிடுகிறார்கள்.

படகுத் தொட்டியில் ஆற்றுத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மூச்சு விடுவதற்கு மட்டும் அல்ல. சால்மன் தன் ஊருக்குத் திரும்பும் வழியை மோப்பத்தினால் அறிகிறது. தண்ணீரின் வாசனைதான் அதற்கு மைல்கல்!

அப்படியும் படகில் போன மீன்களில், வழி தவறி வேறு ஆற்றில் ஏறுபவை அதிகம் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு போன குழந்தைக்குத் தெரு அடையாளம் தெரியுமா? அதனால் ஒரு பகுதியைத்தான் படகில் ஏற்றுகிறார்கள். மற்றவை தாமே போகும்படி மதகைத் திறந்து தண்ணீர் விடுகிறார்கள்.

ஆபத்து எவ்வளவு என்பதற்கு 1992-ல் நடந்ததைச் சொல்ல வேண்டும். கடலிலிருந்து 900 மைல் ஏறி, ஐடஹோ மாநிலத்தில் உள்ள ரெட்ஃபிஷ் ஏரிக்கு அந்த ஆண்டு வந்து சேர்ந்த 'சாக்கை' இனத்துச் சால்மன் ஒன்றே ஒன்று. அதுவும் ஆண் மீன்! ஜோடி இல்லை. ஜனங்கள் அதற்கு 'ஒண்டி லாரி' என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். (லாரி என்பது அங்கே ஆண்பிள்ளைப் பெயர், வண்டி அல்ல.)

அதன் விந்தணுவை எடுத்து உறைய வைத்து, பண்ணையில் குஞ்சு பொரிக்கப் பயன்படுத்தினார்கள். பண்ணையில் வளர்ந்த குஞ்சுகளை அதே ஏரியில் விட்டார்கள். அவற்றுக்கும் கடல் வழியில் அதே 8 அணைகள்தான்.