உங்கள் கார்டு எத்தனை வட்டி?

சிங்கப்பெருமாள் கோவிலில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடம் சாலை பிரியும் இடத்தில் ஷிப்ட் முடியும் நேரத்தில் நின்று பாருங்கள். கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் பையுமாகக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களில் பலர் வெளியூர்ப் பிள்ளைகள். வாடகைக்கு வீடு கிடைத்ததும் முதலில் வாங்க நினைப்பது ஒரு பிரிட்ஜ், இல்லாவிட்டால் வாஷிங் மெஷின். சம்பளக் கணக்கு தொடங்கிய சில மாதங்களில் வங்கியிலிருந்து போன் வருகிறது, கிரெடிட் கார்டு வீட்டுக்கே வந்துவிடுகிறது. கடையில் அந்தப் பிள்ளை தயங்கி நின்றால் விற்பனையாளர் சொல்வது இதுதான்: "கார்டு தேய்ச்சிடுங்க தம்பி, மாசம் மினிமம் கட்டினா போதும்."

போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்தில் யாரும் வட்டியை வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று பேசுவதில்லை. ரெண்டு வட்டி, மூணு வட்டி என்போம். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் என்று அதற்கு அர்த்தம். அஞ்சு வட்டிக்கு வாங்கினேன் என்று சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் பதறிப்போவார்கள். அந்தக் கணக்கிலேயே கிரெடிட் கார்டையும் அளந்து பார்ப்போம். பெரும்பாலான கார்டுகளில் பாக்கிக்கு மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம் வட்டி. வருடத்துக்கு 42 முதல் 45 சதவீதம். கார்டு வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. வீட்டுக்கடன், நகைக்கடன் வட்டிக்கு இந்த வரி கிடையாது. வரியையும் சேர்த்தால் 3.75 என்பது 4.425 ஆகிறது. அதாவது கிட்டத்தட்ட நாலரை வட்டி. பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகையை வைத்தால் பெரும்பாலும் ஒரு வட்டியை ஒட்டித்தான் வரும்.

கார்டில் வட்டியே இல்லாத காலம் ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, அது நல்ல வசதியும்கூட. பில் தேதி மாதாமாதம் 15 என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 16-ஆம் தேதி 40,000 ரூபாய்க்கு ஒரு பிரிட்ஜ் வாங்கினால் அது ஜூலை 15 பில்லில்தான் வரும். பணம் கட்டக் கெடு ஆகஸ்ட் 4. ஏழு வாரம் வட்டியில்லாக் கடன். அதே பிரிட்ஜை இரண்டு நாள் முன்னால், ஜூன் 14 அன்று வாங்கினால் மறுநாளே பில் போட்டுவிடுவார்கள், ஜூலை 5-க்குள் கட்ட வேண்டியிருக்கும். மூன்று வாரம்தான் கிடைக்கும். பொருள் வாங்குமுன் பில் தேதியைப் பார்ப்பது இதற்காகத்தான்.

அந்த ஏழு வாரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. கெடுவுக்குள் மொத்தத் தொகையையும் கட்டியிருக்க வேண்டும். கட்டாவிட்டால் வட்டியில்லாக் காலம் இல்லையென்றே ஆகிவிடும். வட்டி ஆகஸ்ட் 4-இல் தொடங்கும் என்றுதான் பலரும் நினைத்திருக்கிறார்கள். கார்டு விதி அப்படி இல்லை. பொருள் வாங்கிய ஜூன் 16-க்கே பின்னால் போய், அங்கிருந்து நாள் கணக்கில் வட்டி போடுவார்கள்.

அந்தப் பிள்ளை கடைக்காரர் சொன்னபடி மினிமம் மட்டும் கட்டினார் என்று கொள்வோம். பல வங்கிகளில் அது 5 சதவீதம். ஆகவே 2,000 ரூபாய். மீதி 38,000. அடுத்த பில் ஆகஸ்ட் 15. ஜூன் 16-இலிருந்து அன்றுவரை 61 நாள். வருடத்துக்கு 45 சதவீதம் என்றால் 38,000 ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி ஏறக்குறைய 46 ரூபாய் 85 காசு. 61 நாளுக்கு 2,858 ரூபாய். அதற்கு ஜி.எஸ்.டி. 514 ரூபாய். இரண்டும் சேர்ந்து 3,372. இப்போது பாக்கி 41,372 ரூபாய்.

பிரிட்ஜின் விலை 40,000. இரண்டாயிரம் கட்டிய பிறகு கடன் விலையைத் தாண்டி நிற்கிறது. நான் இங்கே சேர்த்திருப்பது பாக்கிக்கான வட்டியும் அதற்கான வரியும் மட்டும். வேறு எந்தக் கட்டணமும் இதில் இல்லை.

மேற்கொண்டும் இதே பழக்கம் தொடர்ந்தால்? ஒவ்வொரு மாதமும் அந்த மாத வட்டி, வரி, அதோடு அசலில் 5 சதவீதம் என்று கட்டிக்கொண்டே போனால், 14 மாதம் கழித்தும் அசலில் ஏறக்குறைய பாதி நிற்கும். அதற்குள் வட்டியும் வரியுமாகச் சுமார் 17,000 ரூபாய் போயிருக்கும். மினிமம் கட்டுவதால் நமக்குக் கிடைப்பது இரண்டே நன்மை. தாமதக் கட்டணம் விழாது, சிபில் அறிக்கையில் தவணை தவறியவர் என்று பதிவாகாது. வட்டியை அது ஒரு நாள்கூட நிறுத்தாது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. பழைய பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. பெட்ரோல், மளிகை, மருந்து, ஊருக்குப் போக டிக்கெட் எல்லாவற்றுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யில் இணைத்துக்கொள்ளலாம். டீக்கடை கியூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்யும்போது போவது நம் கணக்குப் பணமா, கடன் பணமா என்று ஒரு நொடி பார்த்துவிட்டு அழுத்துங்கள். பிரிட்ஜ் கடன் தீராத மாதத்தில் குடித்த டீக்கும் நாலரை வட்டி உண்டு.

ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பது இன்னும் மோசம். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அதற்குத் தனிக் கட்டணம் வேறு. தயவுசெய்து அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

இவ்வளவு வட்டிக்கு வரம்பே இல்லையா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2008 ஜூலை 7-இல் தேசிய நுகர்வோர் ஆணையம், கார்டு பாக்கிக்கு வருடம் 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டுக்குப் போயின. 2024 டிசம்பர் 20-இல் நீதிபதிகள் பேலா திரிவேதி, சதீஷ் சந்திர சர்மா அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வங்கி வட்டி ரிசர்வ் வங்கியின் அதிகாரத்துக்கு உட்பட்டது, ஒப்பந்த நிபந்தனைகளை ஆணையம் மாற்றி எழுத முடியாது என்பது தீர்ப்பின் சாரம். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் சட்டம் வந்தது. கார்டு வட்டிக்கு அப்படி ஒரு மேல்வரம்பு இன்று இல்லை. இது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை. ஆனால் இன்றைய நிலை அதுதான், நம் கணக்கை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ரிசர்வ் வங்கி கைகட்டி நிற்கவும் இல்லை. 2022 ஏப்ரலில் வெளியிட்ட கார்டு விதிகளில், மினிமம் தொகையைக் கட்டிய பிறகும் கடன் வளர்ந்துகொண்டே போகும்படி அந்தத் தொகையை நிர்ணயிக்கக் கூடாது என்றும், கட்டாத கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. மினிமம் மட்டும் கட்டினால் கடன் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுக்கும் என்ற எச்சரிக்கையும் பில்லில் இருக்கும். செல்போனில் பில்லைத் திறக்கிற நம் கண்ணில் மொத்தத் தொகையும் மினிமமும் பெரிய எழுத்தில் படும், எச்சரிக்கை பொடி எழுத்தில் எங்கோ கிடக்கும். அடுத்த பில் வந்ததும் திரையைப் பெரிதாக்கி அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

மொத்தமாகக் கட்ட முடியாது என்று முன்பே தெரிந்தால் வாங்கும்போதே ஈ.எம்.ஐ.யாக மாற்றிவிடுவது மேல். அதன் வட்டி பெரும்பாலும் கார்டு பாக்கி வட்டியில் பாதிகூட இருக்காது. "நோ காஸ்ட் ஈ.எம்.ஐ." என்ற பலகையை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. பிராசசிங் கட்டணம் எவ்வளவு, வட்டிக்கு ஜி.எஸ்.டி. எவ்வளவு, ரொக்கமாகக் கொடுத்தால் விலையில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கடையிலேயே கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் உண்மையான வட்டி தெரியும்.

ஏற்கெனவே சிக்கியிருப்பவர்கள் முதலில் அந்தக் கார்டில் புதிதாக எதுவும் வாங்குவதை நிறுத்த வேண்டும். பாக்கியை ஈ.எம்.ஐ.யாக மாற்றித் தரும்படி வங்கியைக் கேளுங்கள். வீட்டில் நகை இருந்தால், மனசு வராவிட்டாலும், அதை வங்கியில் வைத்து நாலரை வட்டிக் கடனை அடைப்பதில் தவறில்லை. கடன் தீர்ந்ததும் கார்டே வேண்டாம் என்று தோன்றினால் எழுதிக் கேளுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது விதி. பில்லில் தவறு இருந்தால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க எண் 14448. புகாருக்குக் கட்டணம் கிடையாது.