மாதவிடாய் நிறுத்தமும் பெண்களின் மூளை நலமும்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களில் பெண்கள் பெருமளவில் பணிபுரிகின்றனர். நாற்பது வயதைக் கடந்தவர்களுள் பலர் மறதி, கவனச்சிதறல், தூக்கமின்மை ஆகியவற்றை உணர்வதுண்டு. இவற்றைச் சோம்பல் என ஒதுக்கலாகாது. கவனம் பிசகினால் உயிருக்கே ஆபத்து நேரும் தொழிலில் இவற்றின் காரணத்தை அறிவது அவசியம்.

ஹார்மோனுக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு?

மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே. ஆயினும் உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது பயன்படுத்துகிறது. குளுக்கோஸிலிருந்து இவ்வாற்றலை உருவாக்குபவை உயிரணுக்களுக்குள் உள்ள மைட்டோகாண்டிரியா. சினைப்பைகளில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் இப்பணிக்குத் துணைபுரிகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் அதன் அளவு ஏறி இறங்கிப் பின்னர் வெகுவாகக் குறைகிறது. மூளை புதிய நிலைக்குப் பழகும் வரை மறதியும் தூக்கக் குலைவும் தோன்றலாம்.

இது மறதி நோயா?

பெரும்பாலோருக்கு அன்று, இது தற்காலிகமானது. தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவை சிகிச்சையால் சரியாகக்கூடியவை. பழகிய வழியில் தடுமாறுதல், சமையல் போன்ற அன்றாட வேலைகளைச் செய்ய இயலாமை ஆகியவை இருப்பின் உடனே மருத்துவரை அணுகவும்.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46–47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. 40 வயதிற்கு முன்பே நின்றவர்களுக்கும், இளவயதில் இரு சினைப்பைகளும் அகற்றப்பட்டவர்களுக்கும் பிற்காலத்தில் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே, கருப்பை அகற்றப் பரிந்துரைக்கப்பட்டால், சினைப்பைகளையும் அகற்றுவது அவசியமா என மருத்துவரிடம் கேட்டறியவும். முன்பே அகற்றப்பட்டிருந்தால் ஹார்மோன் சிகிச்சை தேவையா என ஆலோசிக்கவும். ஹார்மோன் மாத்திரைகளைத் தாமாக வாங்கி உட்கொள்ளக் கூடாது.

செய்ய வேண்டியவை

• இரத்த அழுத்தம், சர்க்கரை அளவைச் சீராக வைத்தல். இவை மிகுந்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் பாதிக்கப்படும்.
• நாள்தோறும் 30 நிமிடம் விரைவாக நடத்தல். அமர்ந்தே பணிபுரிவோர் இடைவேளைகளில் எழுந்து நடத்தல்.
• கீரை, பயறு, நிலக்கடலை, முட்டை, மீன் ஆகியவற்றை உணவில் சேர்த்தல், புகையிலையைத் தவிர்த்தல்.
• இரவில் 7 மணி நேரமாவது உறங்குதல். உறக்கமற்ற நாளில் போர்மேனிடம் தெரிவித்து, பட்டாசு மருந்து செலுத்தும் பணியைத் தவிர்த்தல்.

மாதவிடாய் நின்று ஓராண்டிற்குப் பின் மீண்டும் இரத்தப்போக்கு ஏற்பட்டால் தாமதமின்றிப் பரிசோதனை செய்துகொள்ளவும்.

இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மருந்துகள் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியே வீட்டிலேயே வழங்கப்படுகின்றன. ஆலோசனைக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். 104 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.