துப்பாக்கி உறங்கும் இடம் (7): அடுப்புக்கு மேலே ஒரு குழல்

சென்ற வாரம் துப்பாக்கியை வைக்கும் இரும்புப் பெட்டியின் பூட்டோடு நிறுத்தினேன். பங்களாவின் வரவேற்பறைச் சுவரில் பழைய துப்பாக்கியை அலங்காரமாக மாட்டிவைப்பது பற்றி இந்த வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். அதற்கான குறிப்புகளும் மேஜைமேல் ஆயத்தமாகவே இருக்கின்றன. ஆனால், ஞாயிற்றுக்கிழமையன்று ரிங்லெட்டுக்கு அப்பால், தேயிலைச் சரிவின் ஓரமாக இறங்கும் பாதையில், செமாய் பூர்வகுடியினர் வாழும் ஒரு சிறு குடியிருப்பில் நான் கண்ட காட்சி மற்ற விஷயங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்து நிற்கிறது.

அது ஓர் ஊதுகுழல். மலாய்க்காரர்கள் சும்பித்தான் என்பார்கள். ஆளுயரத்தைக் காட்டிலும் நீண்ட அந்தக் குழல், அடுப்புக்கு நேர் மேலே, கூரைக் கழிகளிலிருந்து தொங்கிய இரண்டு பிரம்பு வளையங்களுக்குள் படுத்திருந்தது. கேமரன் மலையின் ஈரத்தை இங்கே வாழ்ந்தவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தோல் செருப்பை ஒரு வாரம் மூலையில் போட்டுவைத்தால் பச்சை பூத்துவிடும். அந்த ஈரம் மூங்கிலில் ஏறிக் குழல் கோணிவிட்டால் அம்பு வழி தவறிப்போகும் என்பதால், அன்றாடம் எழும் அடுப்புப் புகையையே அதற்குக் காவலாக வைத்திருக்கிறார்கள். ஒரு குழலுக்குள் இன்னொரு குழலாக அமைந்த கருவி அது. உள்ளே இருக்கும் குழலுக்கு, கணுவுக்குக் கணு ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளும் ஓர் அபூர்வ மூங்கில் வேண்டும். அது இந்த மலைத்தொடரின் உயர்ந்த பகுதிகள் சிலவற்றில்தான் வளர்கிறது.

குழலைப் பார்த்த கண்கள் தூணியைத் தேடின. அது குழலின் பக்கத்தில் இல்லை. வீட்டின் மறுகோடியில், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் தனியே தொங்கியது. வீட்டுக்காரரான முதியவர் அதை இறக்கி மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே மெல்லிய நாணல் குழாய்கள் ஒரு கட்டாக அடைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு குழாயிலும் ஒரே ஓர் அம்பு. அடியில் நெட்டி போன்ற கூம்பு. நுனியில், ஈப்போ மரத்தின் பாலைக் காய்ச்சிக் குழம்பாக்கிப் பூசிய கரிய நஞ்சு. பேராக் மாநிலத்தின் ஈப்போ நகரம் பெயர் பெற்றது இந்த மரத்தினால்தான். நஞ்சு தோய்ந்த இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு வெட்டு. தைத்த நுனி விலங்கின் உடம்பிலேயே முறிந்து தங்கவேண்டும் என்பதற்காக அது. ஓர் அம்பு மற்றோர் அம்போடு உரசாமலும், எடுப்பவர் விரலில் கீறாமலும் இருக்க, அம்புக்கு ஓர் உறை, உறைகளுக்கு ஒரு கூடு, கூட்டுக்கு ஒரு மூடி என்று எத்தனை ஜாக்கிரதை! முதியவர் பேசிக்கொண்டிருக்கையில் பேரப்பிள்ளை ஒன்று தவழ்ந்து அருகே வந்தது. பேச்சை நிறுத்தாமலே அவர் கை மூடியை அழுத்தி மூடிவிட்டது.

என்னை அழைத்துச் சென்றவர், அருகிலுள்ள தோட்டமொன்றில் முப்பதாண்டுக் காலம் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வுபெற்றவர். முதியவர் மலாயில் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "குழலைப் பிள்ளைங்க எடுத்து வெளையாடினாக்கூட ஒண்ணும் சொல்றதில்லையாம் தம்பி. தூணியைத் தொட்டா மட்டும் அடி விழுமாம்" என்றார்.

துப்பாக்கி வேறு, தோட்டா வேறு. இரண்டையும் பிரித்துப் பூட்டு என்று இன்று உலகமெங்கும் சொல்லப்படும் புத்திமதியின் சாரம் இதுதானே? இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், அநுமதி கேட்பவரிடம் பாதுகாப்பாக வைத்திருப்பேன் என்று எழுத்துமூலமான உறுதிமொழியை வாங்கிக்கொள்கின்றன. இங்கிலாந்தில், அநுமதியில்லாதவர் கைக்கு ஆயுதம் எட்டாதபடி இயன்றவரை காக்கவேண்டும் என்பது அநுமதிப் பத்திரத்திலேயே நிபந்தனையாக எழுதப்படுகிறது. 1929இல் ரஸ்ஸல் துரை 'போ' தேயிலைத் தோட்டத்தை ஸ்தாபிப்பதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இந்த மலையில் வாழ்ந்துவரும் மக்கள், அதே காரியத்தை நாணலும் புகையும் கொண்டு நிறைவேற்றிவைத்திருக்கிறார்கள். நம் மலேசிய ஆயுதச் சட்டத்தை உரைக்க முற்படுபவர் எவரும் அந்தக் கூரையின் கீழ் ஒரு நாழிகை உட்கார்ந்து எழுந்தால் நல்லது என்பது என் திடமான அபிப்பிராயம்.

சட்டத்துக்கு வருவோம். 1960ஆம் ஆண்டின் நம் ஆயுதச் சட்டம் ஆயுதத்தோடு தோட்டாவையும் சேர்த்தே பேசுகிறது. அநுமதி என்பது ஆளுக்குத் தரப்படுவது, வீட்டுக்கு அன்று. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்கத் தகப்பனார் வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி, அவர் காலமான மறுநாள் நிலபுலத்தைப் போல மகனுக்கு வந்துசேர்வதில்லை. அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தாக வேண்டும். துக்கத்தில் மறந்து பெட்டிக்குள்ளேயே விட்டுவைத்த குடும்பம், எந்தத் தீய எண்ணமும் இல்லாமலே அநுமதியின்றி ஆயுதம் வைத்திருந்த குடும்பமாகிவிடுகிறது. 1971ஆம் ஆண்டின் தண்டனை உயர்வுச் சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பதற்குப் பதினான்கு ஆண்டுவரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு.

'வைத்திருத்தல்' என்ற இந்த ஒரு சொல்லுக்கு நம் நாட்டுச் சரித்திரத்தில் இருக்கும் பயங்கரம் வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, அந்நாளைய ஆங்கில ஆட்சியினரால் அவசரகாலம் பிரகடனமாகி, அநுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பது மரணதண்டனைக்குரிய குற்றமாயிற்று. தஞ்சை ஜில்லாவின் தம்பிக்கோட்டையைப் பூர்வீகமாகக் கொண்டவரும், அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக விளங்கியவருமான எஸ். ஏ. கணபதி 1949 மார்ச்சு மாதம் ரவாங்குக்கு அருகே கைதானபோது அவரிடம் இருந்தவை ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும். கண்டெடுத்த ரிவால்வரைப் போலீசாரிடம் ஒப்படைக்கவே கொண்டுசென்றார் என்ற விளக்கம் அவர் சார்பில் சொல்லப்பட்டது. அவர் அதை எவர்மீதும் சுட்டதாகக் குற்றச்சாட்டு இல்லை; வைத்திருந்ததே குற்றம். இந்திய சர்க்கார் பரிந்து பேசியும் பயனில்லை. மே 4ஆம் தேதி புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதே காலத்தில், சட்டமியற்றியவர்களின் சொந்த நாடான இங்கிலாந்தில், ரிவால்வருக்குச் சான்றிதழ் தேவைப்பட்டபோதிலும், வேட்டைத் துப்பாக்கிக்குப் போலீஸ் சான்றிதழ் என்பதே 1968 வரை கிடையாது; தபாலாபீசில் பத்து ஷில்லிங் கட்டிப் பெற்ற சீட்டே போதுமானதாயிருந்தது. இந்த வித்தியாசத்தைப் படித்த இரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. ஆயினும் பாதுகாப்புப் பிரதேசங்களில் ஆயுதம் வைத்திருந்தால் மரணம் என்ற விதி உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் குடியேறி, அந்தச் சட்டம் 2012இல் நீக்கப்படும்வரை இருந்தது.

திரும்பும் வழியில் கிராணியார் தம் வீட்டுக்கு அழைத்துச்சென்று தேநீர் கொடுத்தார். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டை விட்டு வந்தபோது கழற்றிக்கொண்டுவந்த பலகையொன்று கூடத்துச் சுவரில் பதிக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு முழ இடைவெளியில் இரண்டு வளைந்த ஆணிகள். அவசரகாலத்தில் காவலுக்குப் போய்வந்த அவருடைய தகப்பனார், பொழுது விடிந்து துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கப் போகுமுன் சற்று நேரம் அதை மாட்டிவைத்த இடமாம் அது. "அம்மா அந்தப் பக்கமே எங்களைப் படுக்கவிட மாட்டாங்க" என்றார். இப்போது அவற்றில் ஒரு குடை தொங்குகிறது.

வாக்களித்த சுவர் விஷயத்தையும், அநுமதிப் பத்திரமே தேவையில்லாமல் முன்னோர் துப்பாக்கியை வீட்டில் வைத்துப் பூஜை செய்யும் குடகு நாட்டாரின் விசேஷ உரிமையையும் அந்த இரண்டு ஆணிகளிலிருந்தே அடுத்த வாரம் தொடங்குகிறேன்.