அரசாங்க மென்பொருளும் அஜைல் முறையும்

ஆறு வயதுச் சிறுவனுக்கு அளவெடுத்துச் சென்ற தையற்காரர் ஒருவர், அவனது பன்னிரண்டாம் வயதிற் சட்டையைக் கொணர்ந்து தருவாராயின் அதனை என்னென்பது? அளவிற் பிழையில்லை, தையலிற் குற்றமில்லை, பேசிய பேச்சின்படி யாவும் நிறைவேறியுள்ளன. ஆயினும் சட்டை சிறுவனுக்கு உதவாது. அரசாங்கங்கள், சிறப்பாகப் படைத்துறையினர், கணிப்பொறிக்குரிய மென்பொருளை ஒப்பந்தஞ் செய்து பெறுமிடத்து நெடுங்காலமாக நேர்ந்துவந்த இடர் இத்தன்மையது. அதனை நீக்குதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மேற்கொள்ளப்பட்ட அஜைல் முறையினை யாம் ஈண்டு இயன்றவளவு சுருங்க விளக்கப் புகுகின்றோம்.

பழைய முறை யாதெனின், முதற்கண் வேண்டுவன யாவும் ஏட்டில் எழுதப்பெறும். அதன்பின் வரைவு, அதன்பின் ஆக்கம், அதன்பின் சோதனை, ஈற்றில் ஒப்படைப்பு. அருவிநீர் கீழ்நோக்கியே செல்லுதல்போல, ஒரு படியினின்றும் அடுத்த படிக்கு இறங்கலாமேயன்றி மீண்டும் ஏறலாகாமையின் இஃது அருவிமுறை எனப்பட்டது. 1970ஆம் ஆண்டில் வின்ஸ்டன் ராய்ஸ் என்பார் எழுதிய கட்டுரையொன்றில் இப்படிகள் படமாக வரையப்பட்டுள. இம்முறையை உள்ளவாறே கைக்கொள்ளுதல் ஆபத்தானதென்றும், தோல்விக்கு இடந்தருவதென்றும் அவரே அக்கட்டுரையில் எச்சரித்தனர். உலகமோ எச்சரிக்கையை விடுத்துப் படத்தைப் பற்றிக்கொண்டது! 1985இல் அமெரிக்கப் பாதுகாப்பு இலாகா வெளியிட்ட 2167ஆம் எண் விதிமுறையும் பெரும்பாலும் இவ்வழியையே தழுவிற்று. 1987இல் பிரடெரிக் புரூக்ஸ் என்னும் அறிஞர் தலைமையில் அமைந்த குழு, மென்பொருளைச் சிறிது சிறிதாக வளர்த்தலே தக்கதென்று அறிவுறுத்தியும் வழக்கம் எளிதில் மாறவில்லை.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் விளக்குவாம். எப்.பி.ஐ. என்னும் அமெரிக்கத் துப்பறியும் இலாகா, காகிதக் கோப்புகளிற் கிடந்த வழக்குக் குறிப்புகளைக் கணிப்பொறியில் ஏற்றும்பொருட்டு 2001இல் ஒரு திட்டந் தொடங்கிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 11இல் நிகழ்ந்த தாக்குதலின் பின்னர், ஓர் ஊரிற் கிடைத்த துப்பு மற்றோர் ஊரினர்க்கு விரைந்து எட்டுதல் மக்களின் உயிர்காக்கும் காரியமாயிற்று. வேண்டுவனவற்றின் பட்டியலே 800 பக்கங்களைக் கடந்தது. ஏறத்தாழ 17 கோடி டாலர் செலவான பின்னர் 2005இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டிற் ‘சென்டினல்’ என்னும் பெயரால் மறுபடியும் தொடங்கினர். 2010 ஆகஸ்டில், ஒதுக்கிய 45 கோடியே 10 இலட்சம் டாலரில் 40 கோடியே 50 இலட்சம் செலவாகியும், நான்கு பகுதிகளில் இரண்டே கைக்கு வந்திருந்தன. அவ்வழியே சென்றால் இன்னும் ஆறாண்டுகளும் 35 கோடியே 10 இலட்சம் டாலரும் வேண்டுமென்று மதிப்பிடப்பட்டது.

இனி, அஜைல் என்பதன் இயல்பைக் காண்போம். விரைந்து திரும்புந் திறனைக் குறிப்பது அவ்வாங்கிலச் சொல். 2001 பிப்ரவரியில் யூட்டா மாகாணத்து மலைப்பகுதியாகிய ஸ்னோபேர்டு என்னுமிடத்திற் கூடிய 17 மென்பொருள் வல்லுநர் தம் கொள்கையை நான்காக வகுத்துரைத்தனர். கருவிகளினும் விதிகளினும் மனிதரும் அவர்தங் கலந்துரையாடலும் மேல். விரிந்த ஏடுகளினும் இயங்கும் மென்பொருள் மேல். ஒப்பந்த வாதத்தினும் பயன்கொள்வாரோடு ஒத்துழைத்தல் மேல். வகுத்த திட்டத்தைப் பற்றி நிற்றலினும் மாறுதலுக்கேற்ப ஒழுகுதல் மேல் என்பனவே அவை. ஏடும் திட்டமும் வேண்டா என்று அவர் கூறினாரல்லர். எது முதன்மையது என்பதையே தெளிவித்தனர்.

2010 செப்டம்பரில் எப்.பி.ஐ. சென்டினற் பணியைத் தன் நேர்ப்பொறுப்பில் ஏற்று இம்முறையை மேற்கொண்டது. வேலை இரண்டிரண்டு வாரத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு துண்டின் முடிவிலும், செய்து முடித்த பகுதி உரியவர் முன் இயக்கிக் காட்டப்பட்டது. இடர் நேராமலில்லை: 2011 அக்டோபரிற் பலர் ஒருங்கே பயன்படுத்திச் சோதித்தபொழுது அது தடைப்பட்டு நின்றது, குறித்த காலமும் தவறிற்று. எனினும் குறை வெளிப்பட்டதனால் திருத்தம் எளிதாயிற்று. 2012 ஜூலை 1இல், ஒதுக்கிய தொகைக்குள்ளேயே, இலாகா முழுவதும் அது வழங்கலாயிற்று.

படைத்துறையிலும் இவ்வாறே. கத்தார் நாட்டு அல் உதெய்த் வான்படைத் தளத்தில், வானிலேயே எரிபொருள் ஊட்டும் விமானங்களின் அட்டவணை 2016இலும் வெண்பலகையிற் கையால் அமைக்கப்பட்டு வந்தது. அத்தகைய மையங்களுக்கென நெடுங்காலமாக நடைபெற்ற பெரியதொரு மென்பொருள் ஒப்பந்தம் 2017 ஜூலையில் நிறுத்தப்பட்டது. சிறு குழுவினர் சிலரோ, அட்டவணை வகுப்பாருடன் உடனிருந்து, சில திங்களிலேயே அதற்குரிய கருவியை ஆக்கி அளித்தனர். 2009இல் இயற்றப்பட்ட பாதுகாப்புச் சட்டத்தின் 804ஆம் பிரிவு, பயன்கொள்வாரைத் தொடக்கமுதற் கலந்துகொள்ளுதலையும் பகுதி பகுதியாக விரைந்து அளித்தலையும் வற்புறுத்திற்று. 2020 அக்டோபரில் வெளிவந்த விதியோ, முதற் பணம் ஒதுக்கப்பட்ட ஓராண்டுக்குள் பயன்படத்தக்க முதற்பகுதி களத்தை அடைதல் வேண்டுமென்று வரையறுத்தது.

“முடிவில் யாது கிடைக்குமென்று முற்றும் வரையறாமற் பொதுமக்கள் பணத்தை எங்ஙனம் ஒப்படைப்பது?” என வினவுவார் உளர். வினா நேரியதே. அதற்கு விடை வருமாறு: ஆயிரம் பக்கம் எழுதி வைத்தும் மேற்கூறிய கோடிகள் காப்பாற்றப்படவில்லை. இரண்டு வாரத்துக்கொருமுறை கண்முன் இயங்கிக் காட்டும் பொருளே மெய்யான கணக்கு. வழி தவறினும் இழப்பு சில வார உழைப்பளவில் நின்றுவிடும். ஆனால் பெயர் மாற்றம் ஒன்றே பயன்தராது. வேலையைத் துண்டாக்கிவிட்டு ஒப்படைப்பை மட்டும் ஐந்தாண்டு தள்ளிவைத்தால் அது பழைய அருவியே. பயன்கொள்வார் தம் நேரத்தைத் தரவேண்டும். தணிக்கையும் ஒப்பந்தமும் சிறு பகுதிகளுக்கேற்ப அமையவேண்டும். கப்பலின் உடலை இரண்டு வாரத்துக்கொருமுறை மாற்றியமைத்தல் இயலாதாகலின், இம்முறைக்கும் எல்லை உண்டென்பதை மறத்தலாகாது.

நண்பர்காள், நம்மிற் பலர் நாளை அரசாங்க அலுவல்களிற் புகுவோம். அன்று பிறர் பணமும் பிறர் நலமும் நம் கையெழுத்தைச் சார்ந்திருக்கும். தொடக்கத்தில் எல்லாம் அறிந்துவிட்டோமென்று எண்ணுதலே மேற்கூறிய இழப்புகட்கெல்லாம் வித்து. சிறிது செய்து, உரியவரிடங் காட்டி, குறைகேட்டுத் திருத்தி, மேலுஞ் செய்தலே அஜைல் முறையின் சாரம். அதற்கு முதற்கண் வேண்டுவது அடக்கம். அளவெடுத்த தையற்காரர் இடையிடையே சிறுவனைக் கண்டிருப்பாராயின் சட்டை வீணாகியிராதன்றோ?