கவலைக்கு ஒரு நேரம், கடவுளுக்கு ஒரு நேரம்

“என்னன்னே தெரியலை மாமி, மனசு அடிச்சுக்கிட்டே இருக்கு!” இப்படிச் சொல்லாத இல்லத்தரசி நம்மில் யார்? பள்ளிக்கூட வேன் பத்து நிமிஷம் தாமதமானால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. குழந்தைக்கு லேசாக உடம்பு சுட்டால் ராத்தூக்கம் போய்விடுகிறது. அவர் போனை எடுக்கவில்லை என்றால் கற்பனை எங்கெங்கோ ஓடுகிறது. கவலைப்படுவது தாயின் சுபாவம்தான். ஆனால் அந்தக் கவலையே நாள் முழுக்க நம்மை ஆட்டிவைத்தால்?

வீட்டைத் தினமும் பெருக்குகிறோம். பாத்திரத்தைத் தினமும் தேய்க்கிறோம். மனசை மட்டும் தீபாவளிக்குத் தீபாவளி தூசு தட்டினால் போதுமா, சகோதரிகளே? நாற்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவள் நான். எனக்குப் பலன் தந்த அன்றாட வழக்கங்களைச் சொல்கிறேன்.

படபடப்பு ஏன் வருகிறது?

ஆபத்து என்று மனம் நினைத்தவுடனே, ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடம்பு தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு வேகமாக அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, வயிறு பிசைகிறது. எதிரே பாம்பைக் கண்டால் இதெல்லாம் நல்லதுக்குத்தான். வராத வேனை நினைத்துத் தினமும் இப்படி ஆனால் உடம்பு களைத்துப் போகாதா?

நெஞ்சைப் பார்த்து, ‘மெதுவா அடி’ என்று அதட்டினால் அது கேட்காது. ஆனால் மூச்சு ஓரளவு நம் சொல்படி நடக்கும். மூச்சை நிதானமாக, நீளமாக வெளியே விடும்போது ‘வேகஸ்’ என்ற நரம்பின் வழியாக இதயத்துடிப்பு தணிகிறது. நம் பெரியவர்கள் ஜபத்தையும் பிராணாயாமத்தையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்தது எத்தனை பொருத்தம்!

பத்து நிமிஷ ஜபம்

2001-ல் இத்தாலியில் பெர்னார்டி என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் 23 பேரை ஜெபமாலைப் பிரார்த்தனையும் ஒரு மந்திரமும் சொல்லவைத்துச் சோதித்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 6 ஆகக் குறைந்ததாம். ரத்த அழுத்தத்துக்கு ஏற்றபடி இதயத்துடிப்பைச் சரிசெய்துகொள்ளும் உடம்பின் திறனும் கூடியதாம். ஆக, உங்கள் வீட்டு வழக்கம் கந்த சஷ்டி கவசமோ, ஜெபமாலையோ, திக்ரோ, எதுவானாலும் சரி, நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒரு கை குழம்பைக் கிளற, ஒரு கண் கடிகாரத்தில் இருக்க, வாய் மட்டும் ஸ்லோகத்தை ஓட்டினால் புண்ணியம் உண்டோ என்னவோ, நிம்மதி கிடைக்காது.

நான் காலையில் விளக்கேற்றியதும் பத்து நிமிஷம் உட்காருவேன். போன் பக்கத்து அறையில் இருக்கும். மனசுக்குள் 4 எண்ணும்வரை மூச்சை இழுப்பேன். 6 எண்ணும் நேரத்துக்கு இஷ்ட தெய்வத்தின் பெயரைச் சொல்லியபடி வெளியே விடுவேன். மூச்சை அடக்க வேண்டாம். தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

“கைக்குழந்தையை வச்சுக்கிட்டு எனக்கேது பத்து நிமிஷம்?” என்கிறீர்களா? பால் கொடுக்கும்போது செய்யலாமே! மனம் நடுவே கறிகாய்க் கடைக்குப் போனால் கோபம் வேண்டாம். திரும்பக் கூட்டி வந்து உட்கார வையுங்கள்.

கவலை நோட்டு

“கவலைப்படாதே” என்று சொன்னால் கவலை போகுமா? அதற்கும் ஒரு நேரம் ஒதுக்குவதே புத்திசாலித்தனம். அமெரிக்க மனோதத்துவ நிபுணர் போர்க்கவெக்கும் அவரது குழுவினரும் 1983-ல் இதை ஒரு சிகிச்சை முறையாகவே எழுதினார்கள். தினமும் ஒரே இடம், ஒரே நேரம், அரை மணி. மற்ற வேளையில் கவலை எட்டிப் பார்த்தால், “அப்புறம் வா” என்று தள்ளிப்போட வேண்டியதுதான்.

எனக்கு அது மாலை நாலு மணி. பழைய நோட்டு ஒன்றில் நடுவே கோடு போட்டிருக்கிறேன். இடது பக்கம் என்னால் செய்ய முடிந்தது: ‘பல் வலி, நாளைக்கு டாக்டர்.’ வலது பக்கம் என் கையில் இல்லாதது: ‘பையனுக்கு வேலை கிடைக்குமா?’ இடது பக்கத்துக்கு உடனே ஒரு காரியம் எழுதுவேன். வலது பக்கத்தை, “இது உன் பொறுப்பு, தாயே” என்று அம்பாளிடம் விட்டுவிடுவேன். படுக்கப் போகும் நேரத்தில் மட்டும் நோட்டைத் திறக்காதீர்கள்.

இன்னொன்று: நாலைந்து டம்ளர் டிகாக்‌ஷன் காப்பி படபடப்பைக் கூட்டும். மத்தியானத்துக்குமேல் குறைத்துப் பாருங்கள். வேளைக்குச் சாப்பாடு, அரை மணி நடை, மனசு விட்டுப் பேச ஒரு சிநேகிதி, இவையும் வழிபாட்டுக்குத் துணைதான்.

ஜபம் மட்டும் போதாதபோது

எங்கள் மாடி வீட்டுப் பெண்ணுக்கு மூன்று மாதக் குழந்தை. குழந்தை தூங்கினாலும் இவள் தூங்கமாட்டாள். மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தபடி விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். “சாமியைக் கும்பிடு, சரியாப் போகும்” என்றார் மாமியார். அவளும் கும்பிட்டாள். கும்பிடும்போதே அழுதாள். “நான் நல்ல அம்மா இல்லையோ, ஆன்ட்டி?” என்று என்னிடம் கேட்டபோது என் நெஞ்சே பதறிவிட்டது. மாமியாரிடம் எடுத்துச் சொல்லி, டாக்டரிடம் அழைத்துப் போனோம்.

தைராய்டு அதிகமானாலும், ரத்தசோகை இருந்தாலும் படபடப்பு வரும் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை. அதில் குறையில்லை என்றதும் மனநல டாக்டர் பார்த்தார். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. ராத்திரி ஒரு வேளைக் காவலை மாமியாரே ஏற்றுக்கொண்டார். சில வாரங்களில் தூக்கம் திரும்பியது. இப்போதும் சாயங்காலம் அவள் வீட்டில் விளக்கு எரிகிறது, அழுகை இல்லை.

பிரசவமானதும் சில நாள் மனம் கலங்குவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். பிரசவம் என்றில்லை, எப்போதுமே தூக்கமும் சாப்பாடும் கெட்டு, வீட்டு வேலையே ஓடாமல் போனால் அப்படித்தான். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் எழுந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. அவளைத் தனியே விடவும் கூடாது. 2022-ல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையில், 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

மருந்து சாப்பிட்டால் பக்தி குறைந்துவிட்டது என்று அர்த்தமா, என்ன? ஜுரத்துக்கு மாத்திரையும் கொடுத்து, நெற்றியில் விபூதியும் இட்டு வளர்த்தவர்கள்தானே நம் அம்மாக்கள்! நாளைக் காலை பத்து நிமிஷம், மாலை நாலு மணிக்கு ஒரு நோட்டு. இரண்டு வாரம் செய்து பாருங்கள், சகோதரிகளே. அதற்கும் அடங்காத கவலை என்றால், வெட்கப்படாமல் உதவி கேளுங்கள்.