இரண்டு தலைவர்கள், ஒரு மன்றம்

அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கைத்தறி வீடுகளில் ஒரு புடைவைக்கு எத்தனை பேர் உழைப்பு! பாவு பிணைப்பவர் ஒருவர். தார் சுற்றுவது பெரும்பாலும் மனைவியோ மகளோ. ஆனால் ஊரார் ‘நெசவாளர்’ என்று சொல்வது தறியில் உட்காருகிறவரை மட்டுந்தான்!

இந்தப் பழைய வழக்கம் இப்போது கல்லூரி விண்ணப்பங்களிலும் புகுந்திருக்கிறது.

“நம் பாளையம்பட்டிப் பிள்ளைகளுக்கு இது எதற்கு? மார்க் இருந்தால் போதுமே!” என்பீர்கள். உண்மைதான். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு 2007-ம் ஆண்டு முதல் நுழைவுத் தேர்வுகூட இல்லை. ஆனால் அமெரிக்கக் கல்லூரிகளுக்கும், நம் நாட்டிலேயே சில தனியார் பல்கலைக் கழகங்களுக்கும் மனுப் போடுகிறவர்கள், படிப்புக்கு வெளியே என்ன செய்தார்கள் என்றும் எழுத வேண்டும். அமெரிக்காவில் பல கல்லூரிகளுக்கும் பொதுவான ‘காமன் ஆப்’ விண்ணப்பத்தில் 10 காரியங்கள் வரை குறிப்பிடலாம். பதவிக்கு 50 எழுத்துக்கள். செய்த வேலையை விவரிக்க 150. கஞ்சத்தனமான இடம்! அந்த இடத்தில்தான் ‘இணைத் தலைவர்’ என்பது ‘தலைவர்’ ஆகிவிடுகிறது.

இரண்டு தோழிகள் சேர்ந்து பள்ளியில் பசுமை மன்றம் நடத்தினார்கள் என்று வைத்துக்கொள்வோம். கன்று வளர்த்தது ஒருத்தி. கணக்கும் கடிதமும் மற்றவள். இருவரும் ஒரே கல்லூரிக்கு மனுப் போட்டு, இருவருமே “நானே தலைவர்” என்று எழுதினால்? பள்ளியிலிருந்து ஆசிரியர் தனியாகக் கடிதம் அனுப்புகிறார். அதில் உண்மை இருக்கும். விவரங்கள் மெய்யென்று மாணவர் கையொப்பமும் இட வேண்டும். பொய் தெரிந்தால் கிடைத்த இடமும் போய்விடும்.

படகு வலித்தே அறியாத செல்வர் வீட்டுப் பிள்ளைகளைப் படகுப் போட்டி வீரர்களாகக் காட்டிய மோசடி 2019-ல் அமெரிக்காவில் அம்பலமாயிற்று. அதை நடத்திய தரகருக்கு 2023-ல் மூன்றரை ஆண்டுச் சிறை. நம் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போவதில்லை.

நம் பக்கத்தில் நான் அஞ்சுவது வேறொன்று. பாதிப் பாரத்தைச் சுமந்த பெண், “நான் என்ன பெரிதாகச் செய்துவிட்டேன்?” என்று கூசி, ‘உதவி செய்தேன்’ என்று எழுதிவிடுகிறாள். அடக்கந்தான், ஆனால் அதுவும் பொய்யே! உதவிப் பணம் கிடைத்தால்தான் படிக்க முடியும் என்ற வீட்டில் அந்த ஒரு சொல்லின் விலை மிகப் பெரிது.

எப்படி எழுதுவது? பதவிக்கு நேரே, ‘இரு தலைவர்களுள் ஒருவர்’. கீழே, ‘120 கன்றுகள் சேர்ந்து நட்டோம், 45 பிழைத்தன. கோடையில் தண்ணீர் முறை வகுத்தது நான்.’ சேர்ந்து செய்ததற்கு ‘நாங்கள்’, தனியாகச் செய்ததற்கு ‘நான்’. இந்தக் கரிசல் காட்டில் 120-ம் பிழைத்தன என்றால் யார் நம்புவார்கள்?

வாரத்துக்கு எத்தனை மணி, வருஷத்தில் எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். தோழிகள் இருவரும் ஒரு சாயங்காலம் சேர்ந்து உட்கார்ந்து, யார் எதைச் செய்தது என்று பேசி எழுதிக்கொள்ளட்டும். சிறு சண்டை வரலாம், வரட்டுமே! அதன் ஒரு பிரதியை ஆசிரியரிடமும் கொடுத்துவிட வேண்டும். பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஜனவரி முதல் வாரத்தோடு கெடு முடிகிறது. டிசம்பரில் போனால், அரையாண்டுப் பரீட்சை விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவேதான் அவரைத் தேட வேண்டியிருக்கும்.