யானைக்கு ஏன் புற்றுநோய் அதிகம் வருவதில்லை? மார்பகத்தைக் காக்கும் 'காவல்' ஜீன்கள்!

மாமல்லபுரம் போனால், அர்ஜுனன் தபசு பாறையில் இருக்கும் யானைகள் முன்பு நின்று போட்டோ எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. அந்த யானைகளுக்குள் ஒரு மருத்துவப் புதிர் இருக்கிறது. செல்கள் பிரியும்போது ஏற்படும் பிழைகள்தான் புற்றுநோயின் ஆரம்பம். அப்படியென்றால், நம்மைவிடப் பல மடங்கு செல்கள் கொண்ட யானைக்குத்தானே புற்றுநோய் அதிகம் வர வேண்டும்?

நிஜத்தில் அப்படி இல்லை. புற்றுநோயால் இறக்கும் யானைகள் 5 சதவிகிதத்துக்கும் குறைவு என்கிறது, 2015-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. மனிதர்களில் இது 11 முதல் 25 சதவிகிதம். இதற்கு ஒரு காரணமாக ஆய்வாளர்கள் சொல்வது 'டிபி53' என்ற ஜீனை. நமக்கு இது ஒரு ஜோடி. யானைக்கு 20 ஜோடி!

மதகைக் காக்கும் ஆள்

ஏரிகள் நிறைந்த செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த ஜீனின் வேலை எளிதில் புரியும். ஏரி நிரம்பினால் மட்டும் போதாது. எந்த மதகை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அவர் நாற்று நடுவதில்லை, கதிர் அறுப்பதில்லை. ஆனால், அவர் இல்லாவிட்டால் ஒரு வயல் காயும், இன்னொன்று மூழ்கும்.

நம் செல்லில் சுமார் 20,000 ஜீன்கள் உண்டு. டிபி53 ஜீன் உருவாக்கும் 'பி53' என்ற புரதம், அவற்றில் பலவற்றின் மதகைத் திறக்கிறது. டிஎன்ஏ சேதமடைந்தால் செல்லில் பி53-ன் அளவு கூடும். உடனே அது 'பி21' ஜீனை இயக்கும். செல் பிரிவது நிற்கும். அந்த இடைவெளியில் பழுது சரிசெய்யப்படும். சரிசெய்ய முடியாத சேதம் என்றால், செல்லைத் தானாகவே அழியச் செய்யும் ஜீன்களை பி53 இயக்கிவிடும். யானையின் செல்கள் இந்த அழிவு முடிவை நம் செல்களைவிடச் சீக்கிரம் எடுக்கின்றன.

மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் இந்த ஜீன் பழுதாகியிருக்கிறது. காவல் போனதும், பிழையுள்ள செல்கள் தடையின்றிப் பெருகுகின்றன.

இன்னொரு காவல் ஜீன் 'பிஆர்சிஏ1'. அது 17-வது குரோமோசோமில் இருப்பதை 1990-ல் கண்டறிந்தவர் அமெரிக்க விஞ்ஞானி மேரி-கிளேர் கிங். உடைந்த டிஎன்ஏவை ஒட்டவைக்க உதவுவதோடு, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மார்பகச் செல்களின் வளர்ச்சி ஜீன்களைத் தூண்டும் வேகத்தையும் இது அடக்கிவைக்கிறது.

அத்தைக்கு வந்திருந்தாலும் சொல்லுங்கள்

மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவிகிதம்தான் பரம்பரையாக வருபவை. மற்றவற்றில் ஜீன் பழுது வாழ்நாளில் ஏற்படுவது. அதனால், 'எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லையே' என்று அலட்சியமாக இருக்க முடியாது. பழுதான பிஆர்சிஏ ஜீன் அப்பா வழியாகவும் மகளுக்கு வரலாம். டாக்டர் குடும்ப விவரம் கேட்கும்போது அம்மா, சித்தியோடு அத்தை, அப்பாயியையும் சேர்த்துச் சொல்லுங்கள். நெருங்கிய உறவினர் பலருக்கோ, இளம் வயதிலோ இந்த நோய் வந்திருந்தால், ஜீன் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

நம் மக்களின் ஜீன் விவரங்களும் இப்போது சேர்கின்றன. 480 இந்திய மார்பகப் புற்றுநோயாளிகளின் மாதிரிகளை ஆராய்ந்து, 2025 பிப்ரவரியில் ஒரு தரவுத்தளத்தை வெளியிட்டது சென்னை ஐஐடி.

வலி இல்லையென்று விடாதீர்கள்

மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், ரத்தக் கசிவு... இவற்றில் எது தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருக்காது என்பதால்தான் பலர் தாமதிக்கிறார்கள். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல; ஆனால், அதை முடிவு செய்ய வேண்டியது பரிசோதனைதான். 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகப் பரிசோதனை செய்யப்படுகிறது. அடுத்த முறை பிரஷர், சுகர் பார்க்கப் போகும்போது, இதையும் கூச்சப்படாமல் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்!